செஸ்ட்நட் மரநோய்: ‘கருகல்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். காட்டுச் சூழலியல் நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்க செஸ்ட்நட் மரங்களை அழித்த பூஞ்சை நோயின் பெயரில் ‘பிளைட்’ என்ற சொல் வருகிறது. நெல்லுக்கு ‘இலைக்கருகல்’ என்று வேளாண் நூல்களில் இருக்கிறது. இதற்கும் ‘கருகல்’ என்றே போட்டுவிடலாமா?
— க.ம.

வேண்டாம் ஐயா. கருகல் என்றதும் மாணவர் தீய்ந்த இலையைத்தான் நினைப்பார். இந்தப் பூஞ்சைக்கு இலை இலக்கே அல்ல. காயத்தின் வழியே பட்டைக்குள் நுழைந்து, தண்டைச் சுற்றி வளைத்துத் தின்கிறது. வளையம் மூடியதும் அதற்கு மேலுள்ள பகுதி முழுவதும் சாகிறது. இலை வாடுவது கடைசியில்தான். 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் கண்டறிந்தார்கள். ஆசியாவிலிருந்து மரக்கன்றுகளோடு வந்தது. ஐம்பதே ஆண்டுகளில் 300 முதல் 400 கோடி மரங்கள் போயின என்பது மதிப்பீடு. எலுமிச்சையில் ‘சொறி நோய்’ என்கிறோமே, அதுபோலப் ‘பட்டைச்சொறி’ என்பதே என் பரிந்துரை.
— ர. (தாவரவியல் ஆசிரியை)

அம்மா, சொறி மேல்தோலோடு நிற்பது. ஒரு காட்டையே சாய்த்த நோய்க்கு அந்தப் பெயர் போதாது. ‘பட்ட மரம்’ என்று ஊரில் சொல்கிறோமே, அந்தப் ‘படு’ இங்கே வரவேண்டும்: ‘பட்டைபடல்’. பட்டை என்ற சொல்லே படு என்ற வேரிலிருந்து கிளைத்தது என்பது என் துணிபு. படிந்தது, பரந்தது, பட்டை. பாடு, படை, படலம் எல்லாம் அவ்வழியே. ‘வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று’ என்ற குறளையும் எண்ணிப் பாருங்கள்.
— வே.

படலம் வரை போக வேண்டாம் ஐயா, குறளோடு நிற்போம். வற்றல் மரம் தளிர்ப்பது நடவாத செயல் என்பதற்காகத்தான் வள்ளுவர் அந்த உவமையைச் சொன்னார். செஸ்ட்நட் தளிர்க்கிறது! மண்ணுக்குள் பூஞ்சையால் வேரைக் கொல்ல முடிவதில்லை. கரும்பு மறுதாம்பு விடுவதுபோல அடிக்கட்டை துளிர்விடுகிறது; சற்றுப் பருத்ததும் நோய் மறுபடி பிடிக்கிறது; பெரும்பாலும் பூக்கும் முன்பே சாகிறது. நூறாண்டுக்கும் மேலாக இதுதான் கதி. இதைப் பட்ட மரம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சொறியை விட்டுவிடுகிறேன், ‘பட்டைப்புண்’ என்று வைப்போம்.
— ர.

நியூஜெர்சியில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். மரத்தின் பெயரே பிள்ளைகளுக்குச் சிக்கல். ‘கஷ்கொட்டை’ என்றால் முந்திரியா என்று கேட்கிறார்கள். செஸ்ட்நட் என்றே இருக்கட்டும். நோய்க்கு ‘பட்டைக்கருகல்’ எளிது. கருகல் பழகிய சொல், பட்டை இடத்தைச் சொல்லிவிடுகிறது. நடுவில் ‘க்’ வருமா?
— சு.

வரும். பட்டையினது கருகல், ஆறாம் வேற்றுமைத் தொகை, வருமொழி அஃறிணை, வலி மிகும். ஆனால் சொல்லை நான் ஏற்கவில்லை.
— வே.

இதுவரை எழுதியவர்களிலும் தனிமடல் அனுப்பியவர்களிலும் பெரும்பாலோர் பட்டைக்கருகல் பக்கம். வெள்ளிக்கிழமைக்கு அதையே அனுப்புகிறேன்.
— க.ம.

அனுப்புங்கள், என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய செஸ்ட்நட் காடுகள் பலவற்றில் ஒரு வைரஸ் இந்தப் பூஞ்சையையே நலிவித்துவிடுகிறது. பட்டை மறுபடி கூடி, தழும்போடு மரம் பிழைக்கிறது. புண் ஆறும். கருகல் ஆறுமா?
— ர.