நாட்டுச் சுரை பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிருது, அவசர உதவி

மாடிக்கொடி
வணக்கம். மாடியில மண் பையில சுரை வளர்க்கிறேன். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகிக் கொட்டிடுது. இதுவரை 11 போச்சு. கையால மகரந்தச் சேர்க்கையும் பண்றேன், பலன் இல்லை. என்ன அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

வெயில்பந்தல்
விதை போட்டு எத்தனை நாள்? பை என்ன அளவு, அதுல எத்தனை செடி? வெயில் எத்தனை மணி நேரம்? விழுந்த பிஞ்சுல ஓட்டை, பிசின் இருக்கா? சேர்க்கை எத்தனை மணிக்குப் பண்றீங்க? இது தெரியாம மருந்து சொல்றது குத்துமதிப்பு.

நுண்சத்து
போரான்ங்கிற நுண்சத்து குறைபாடுதான். லிட்டருக்கு 1 கிராம் போரிக் அமிலம் கலந்து சாயங்காலம் இலையில தெளிங்க. ஒரு தடவை போதும், அதிகமானா இலை ஓரம் கருகும்.

வேப்பங்கொட்டை
போரான் குறைஞ்சா முதல்ல கொழுந்து நொறுங்கும், நுனி வளராம நிக்கும். அதைப் பத்தி அவங்க சொல்லவே இல்லையே. எனக்கு பழ ஈ மேலதான் சந்தேகம். விழுந்த பிஞ்சை நீளவாக்குல வெட்டிப் பாருங்க, உள்ளே வெள்ளைப் புழு நெளியும். கியூலூர் பொறி (வாசனையால ஈயை இழுத்துப் பிடிக்கிறது) ஒண்ணு பந்தல் உயரத்துல தொங்க விடுங்க. அது ஆண் ஈயை மட்டும்தான் பிடிக்கும், அதனால பிஞ்சுக்குத் துணிப்பையும் போடணும். விழுந்ததைத் தொட்டி மேலயே விடாதீங்க. புழு மண்ணுக்குள்ள போய்க் கூட்டுப்புழுவாகி, திரும்ப ஈயா வரும்.

பட்டம்பார்த்து
இதே கேள்வி வாரத்துக்கு மூணு தடவை வருது. பழைய பதிவைத் தேடிப் படிக்கிற பொறுமை யாருக்கும் இல்லை. செடி வளர்க்க வர்றவங்க முதல்ல ஆண் பூ எது, பெண் பூ எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வரணும்.

மாடிக்கொடி
ஆடியில போட்டது, 65 நாள் ஆச்சு. 12 இன்ச் பை, ரெண்டு செடி. வெயில் நல்லா இருக்கு. ஓட்டை இல்லை, வெட்டினேன், புழுவும் இல்லை. சேர்க்கை காலை 8 மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன்னாடி. வாரம் ரெண்டு தடவை மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊற வெச்ச உரம்). பக்கத்துல பீர்க்கை இருக்கு, அதோட கலந்து இப்படி ஆகுதா?

வெயில்பந்தல்
காலை 8 மணி, அதுதான் கோளாறு. பரங்கிக்குத்தான் காலை. சுரைப்பூ வெள்ளை, அந்துப்பூச்சிக்காக சாயங்காலம் மலர்றது. 6 மணிக்கு மேல விரிஞ்சு, மறுநாள் வெயில் ஏறும்போது துவண்டுடும். நீங்க 8 மணிக்குத் தடவுறது வீரியம் போன மகரந்தம்.

இன்னைக்கு சாயங்காலம் பூ முழுசா விரிஞ்சதும் பண்ணுங்க. நீளக் காம்புள்ள ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, நடுவுல இருக்கிற மகரந்தத்தை விரல்ல தேய்ச்சுப் பாருங்க, பொடி ஒட்டணும். பெண் பூவுக்குள்ள சூல்முடி மூணு மடலா இருக்கும். மூணு மடல்லயும் படுற மாதிரி மெதுவாத் தடவுங்க. ஒரு பக்கம் மட்டும் பட்டா காய் கோணலா வரும். பிடிக்கறப்போ காம்பைப் பிடிங்க, பிஞ்சை அமுக்காதீங்க. ஒரு ஆண் பூ ரெண்டு பெண் பூவுக்குத் தாங்கும்.

கீரைமடி
12 இன்ச் பையில ரெண்டு சுரைன்னா சேர்க்கை சரியா நடந்தாலும் பாதிப் பிஞ்சைச் செடியே உதிர்த்துடும். ஒண்ணை அடியோட வெட்டிடுங்க. பிடுங்காதீங்க, மத்ததோட வேரும் அறுந்துடும். அடுத்த பட்டத்துக்கு 24 இன்ச் பை, அதுல ஒரு செடி. மீன் அமிலத்தை நிறுத்துங்க, தழைச்சத்து ஏறிக் கொடிதான் ஓடும். அதுக்குப் பதிலா ரெண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி மரச்சாம்பலும் போடுங்க.

பட்டம்பார்த்து
பீர்க்கையோட சுரை கலக்காது. ரெண்டும் வேற வேற பேரினம். இது அடிப்படை. குண்டுச் சுரையும் நீட்டுச் சுரையும்தான் கலக்கும். அப்பவும் இந்தக் காய் மாறாது, அதோட விதையிலிருந்து வர்ற செடிதான் மாறும். சொல்லப்போனா மாடியில ரெண்டு செடி வெச்சு நாட்டு ரகத்தைக் காப்பாத்தவே முடியாது. விதைப் பயிருக்கு அரைக் கிலோமீட்டராவது இடைவெளி வேணும்.

வேப்பங்கொட்டை
இடைவெளி கணக்கு பூச்சியை நம்பி விடுற வயலுக்கு. மாடியில பூவைக் கட்டலாமே? மறுநாள் மலரப்போற ஆண் மொட்டு, பெண் மொட்டு ரெண்டையும் முதல் நாளே நுனியில நூலால கட்டி வைங்க. சாயங்காலம் அவிழ்த்து, தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டி, காம்புல கலர் நூல் சுத்துங்க. அந்தக் காயோட விதை தூய்மையானது. எத்தனையோ வீட்டுல ரகம் நிக்கிறதே இப்படித்தான்.

பட்டம்பார்த்து
தூய்மை வேற, வீரியம் வேற. ஒத்தைச் செடியிலேயே வருஷா வருஷம் எடுத்தா ரகம் குறுகிடும்.

வேப்பங்கொட்டை
அது சரிதான், ஒத்துக்கறேன். அதனாலதான் ஒரே ரகம் வெச்சிருக்கிற நாலஞ்சு பேர் விதையை மாத்திக் கலந்து விதைக்கணும். அதுக்காக முடியவே முடியாதுன்னு புதுசா வர்றவங்களைத் துரத்தாதீங்க சார்.

கீரைமடி
இன்னொண்ணு. விதைக்கு விடுற செடியில முதல் காயை ஒரு துணுக்கு நாக்குல வெச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு அந்தச் செடியையே எடுத்துடுங்க. கசப்புச் சுரை விஷம். சமைச்சாலும் கசப்பு போகாது, சாறு குடிச்சு உயிரே போயிருக்கு.

நுண்சத்து
நான் இன்னும் போரான்னுதான் சொல்றேன்.

மாடிக்கொடி
9 நாள் கழிச்சு எழுதறேன். ஒரு செடியை வெட்டியாச்சு. அன்னைக்கு சாயங்காலம் 6.45க்கு 4 பூ தடவினேன். 3 நிக்குது, பெருசு ஒரு ஜாண். போரான் அடிக்கலை. எல்லாருக்கும் நன்றி.

வெயில்பந்தல்
நல்லது. நகம் சுலபமா இறங்கறப்பவே சமையலுக்குப் பறிச்சுடுங்க, முத்தின காய் கொடியில நின்னா புதுப் பிஞ்சு பிடிக்காது. விதைக்குன்னா ஒண்ணே ஒண்ணு விடுங்க. காம்பு காய்ஞ்சு, தோல் கட்டையாகி, ஆட்டினா உள்ளே விதை சத்தம் கேக்கணும். அந்த மூணுல ஏதாவது பூக் கட்டினதா?