துவக்குக் குழலில் ஒட்டிய ஈயத்தை எப்படி எடுப்பது?

வணக்கம் உறவுகளே. எங்களுக்கு வெல்லாவெளிப் பக்கம் வயல். பன்றிக் காவலுக்கு அப்பா அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருப்பது 12 போர் (bore, குழல் வாயின் அளவு) துவக்கு. நேற்று உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துக் கழற்றி, குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வாய்ப் பக்கம் சாம்பல் நிறக் கோடுகள். ஈயமும், தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உருகியதும். எண்ணெய்த் துணி போட்டு இழுத்தும் அசையவில்லை.

வினாகிரியும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் கலந்து ஊற்றச் சொன்னார் ஒருவர். அது ஈயத்தை லெட் அசிடேட்டாகக் கரைத்துவிடும், பொல்லாத நஞ்சு. வீட்டில் தவழும் பிள்ளை இருக்கிறது, வேண்டவே வேண்டாம். இரும்புத் தூரிகையும் குழலைக் கீறிவிடும்.

12 போர் அளவில் வெண்கலத் தூரிகை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிடைக்குமா? அப்புறம், ஈயம் பிடித்த துணியை என்ன செய்கிறீர்கள்? கிணற்றடியில் கழுவ எனக்கு மனம் வரவில்லை. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.