புதுப்பிப்பு: 1957 டாப்ஸ் ஹாங்க் ஆரன் கார்டு, அசல்தான்

வலது கை ஆட்டக்காரரான அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன், இடது கை ஆட்டக்காரர் போல மட்டையோடு நிற்கும் 1957 பேஸ்பால் கார்டு (டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, வீரர் படம் போட்ட சேகரிப்பு அட்டை, எண் 20) அசலா, அரிய அச்சுப்பிழையா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கார்டு அசல்தான். லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. முன்பக்கப் படம் முழுக்கப் பல நிற மைப்புள்ளிகள். பின்பக்க எழுத்துகளோ புள்ளியே இல்லாமல், ஓரம் கூர்மையாக, சாம்பல் நிற அட்டையில் கெட்டியாகப் பதிந்திருக்கின்றன. ஸ்கேன் செய்து அடித்த நகலில் எழுத்தும் புள்ளிப் புள்ளியாக உடைந்து தெரியும்.

பிழைக்குக் காரணம், நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்தது. சட்டையில் 44 என்ற எண் இடவலம் மாறியிருப்பதே சாட்சி. டாப்ஸ் இதைத் திருத்தி வெளியிடவே இல்லை. அந்த ஆண்டின் ஆரன் கார்டு எல்லாமே இப்படித்தான். ஆக, பிழைக்கென்று தனி விலை கிடையாது. ஆரனுக்காகத்தான் விலை, அது போதும் எனக்கு.

எதிர்பாராத விஷயம் அளவு. 1956 கார்டு பக்கத்தில் வைத்தால் இது சின்னதாக இருந்தது. ஓரத்தை வெட்டிவிட்டார்களோ என்று பயம் வந்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, டாப்ஸ் இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவுக்கு மாறியதே 1957இல்தான். அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது.