தேவிபட்டினம் பக்கம் செத்துக்கிடக்கும் ஓடை: மீன்குஞ்சு திரும்ப வருமா?

உப்போடை:
வணக்கம். தேவிபட்டினத்துக்கு வடக்கே எங்கள் ஊர். கடலிலிருந்து ஊருக்குப் பின்னால் நுழையும் ஓடையில் என் சின்ன வயதில் மடவைக் குஞ்சும் கிழங்கானும் மொய்க்கும், அம்மா கையால் தடவியே குழம்புக்கு நண்டு கொண்டுவருவார். அப்புறம் ஓடையை மறித்து இறால் பண்ணை போட்டார்கள், நோய் வந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், கரை மட்டும் அப்படியே நிற்கிறது. முகத்துவாரத்தில் மணல் ஏறிவிட்டது. கோடையில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். இரண்டு வருடம் முன்பு நாங்களே உவர்நீரில் வளரும் அலையாத்தி மரக்கன்று 400 நட்டோம், ஒன்றுகூடத் தங்கவில்லை. எங்கே தவறினோம்?

முத்துப்பேட்டையான்:
கன்றில் குறை இல்லை தம்பி, தண்ணீர் வந்து போக வழியில்லை. பிச்சாவரத்திலும் எங்கள் பக்கத்திலும் முன்பு அலையாத்திக் காட்டை மொத்தமாக வெட்டியதில் தரை தட்டு மாதிரி உள்வாங்கி, ஏறிய கடல்நீர் திரும்ப வடியாமல் வெயிலில் வற்றி, கடலைவிட மண்ணில் உப்பு கூடிப்போனது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன்முள் போல ஒரு பெரிய வாய்க்காலும் பக்கத்துக்குச் சாய்வாகக் கிளைகளும் வெட்டினார்கள். நீர் தினமும் போய்வந்து உப்பைக் கழுவிய பிறகுதான் கன்று பிடித்தது. உங்கள் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் மட்டம் ஒரு சாண் தப்பினாலும் நீர் ஏறாது. அமாவாசை, பௌர்ணமி அன்று கம்பு ஊன்றி நீர் எதுவரை வருகிறது என்று குறித்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள். முதலில் அந்தப் பண்ணைக் கரையை உடைக்க வேண்டும்.

கழிநண்டு:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் மரம் வளரட்டும் என்று மீனுக்காகக் காத்திருக்க வேண்டாம் தம்பி. வழி திறந்தால் மடவைக் குஞ்சு தானாக ஏறிவரும். கொடுவா கடலோரம் முட்டையிடும், குஞ்சு வளர்வது இப்படிப்பட்ட ஓடையில்தான். சேற்று நண்டும் அப்படியே, தாய் முட்டையோடு கடலுக்குப் போகும், குஞ்சு சேற்றுக்குத் திரும்பும். அதனால் வாய்க்காலை ஒரே ஆழமாக வெட்டாமல் அங்கங்கே மடு விடுங்கள், நீர் வடிந்த நேரத்தில் குஞ்சு ஒதுங்க இடம் வேண்டும். கன்று நட்ட பிறகு மாட்டை மட்டும் உள்ளே விடாதீர்கள், எங்கள் ஊரில் நாங்கள் முறை வைத்துக் காவல் இருக்கிறோம்.

கண்மாய்க்கரை:
முகத்துவாரத்தைக் கோடையில் வெட்டினால் அலை மறுபடி மூடிவிடும். கார்த்திகையில் மேலே கண்மாய் நிறைந்து உபரிநீர் ஓடைக்கு இறங்கும்போது வெட்டுங்கள், அந்த ஓட்டமே மணலைத் தள்ளும். மேலே வரத்துக்கால் அடைபட்டிருந்தால் அதுதான் முதல் வேலை, சீமைக்கருவேலத்தையும் அங்கிருந்தே வேரோடு எடுத்து வாருங்கள். இன்னொன்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் அனுமதி இல்லாமல் ஜேசிபி இறக்கினால் சிக்கல். பண்ணை நிலம் பட்டாவா புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிட்டு, ஊர்க்கூட்டத் தீர்மானத்தோடு வனத்துறைக்கு எழுதுங்கள்.

உப்போடை:
அக்கா, அண்ணன்மார்களே, நன்றி. நேற்று அமாவாசை, 12 கம்பு ஊன்றினோம். நீர் மூன்றாவது கம்போடு நின்றுவிட்டது, நாங்கள் கன்று நட்டதோ எட்டாவது கம்புக்கு மேலே. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம், இந்தக் கணக்கைத்தான் முதலில் வைக்கப் போகிறேன்.