பி.எஃப்., பென்ஷன் வழக்குகளை நம்பி வேலூரில் வக்கீல் தொழில் செய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் தம்பி கேட்டிருந்தார். பி.எஃப்., கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை, பென்ஷன் இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஊரில் பிழைக்க முடியுமா என்று. பதினாறு வருஷமாக நான் இதைத்தான் செய்கிறேன். முடியும். ஆனால் முதல் நாலைந்து வருஷம் கையைக் கடிக்கும்.

ஒரு கேஸைச் சொல்கிறேன், வேலை எப்படிப்பட்டது என்று அதிலேயே தெரியும். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்த அம்மா. 58 முடிந்து நின்றுவிட்டார். மஞ்சப்பையில் ஆதார், பேங்க் பாஸ்புக், ரப்பர் பேண்ட் போட்ட சம்பளச் சீட்டுக் கட்டு. "உனக்குப் பத்து வருஷம் ஆகவில்லை, பென்ஷன் கிடையாது. 10சி படிவம் போட்டு மொத்தமாக எடுத்துக்கொள்" என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பி.எஃப். பாஸ்புக்கில் 9 வருஷம் 2 மாதம்தான் இருந்தது. சரி, சீட்டுகளையும் பார்ப்போம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முதல் ஐந்து சீட்டில் வேறு பி.எஃப். எண். அந்த ஐந்து மாதம் அவர் அதே ஷெட்டில் காண்ட்ராக்டர் கீழே இருந்திருக்கிறார். இன்ஷியலும் மாறியிருந்ததால் அந்தக் கணக்கு இதோடு சேரவே இல்லை. சேர்த்தால் 9 வருஷம் 7 மாதம். 1995 பென்ஷன் திட்டத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ மிச்சம் இருந்தால் அது ஒரு முழு வருஷம். பத்து வந்துவிட்டது!

பெயரைத் திருத்தி, பழைய கணக்கை மாற்றி, மாதப் பென்ஷன் கேட்கும் 10டி படிவம் போட்டுப் பணம் வர ஏழு மாதம் ஆனது. சராசரிச் சம்பளம் 9,800. திட்டத்தின் கணக்குப்படி அதைப் பத்து வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 1,400 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் அந்த அம்மா இருக்கும்வரை வரும், அவருக்குப் பிறகு வீட்டுக்காரருக்கும் விதிப்படி உண்டு. 10சி-யில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். அந்தப் பென்சில் குறியை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அவரிடம் ஃபீஸ் கொஞ்சம்தான் வாங்கினேன். அடுத்த மூன்று மாதத்தில் அவரோடு வேலை பார்த்த பதினோரு பேர் வந்தார்கள். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எல்லாம் தோல், குடியாத்தம் பக்கம் பீடி. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவருக்கும் பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. இது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது.

வருமானம் பாதிக்கு மேல் நிர்வாகத் தரப்பிலிருந்துதான் வருகிறது. பி.எஃப். நிலுவை எவ்வளவு என்று பார்க்கும் 7ஏ விசாரணை, தாமதத்துக்கு 14பி அபராதம், 7கியூ வட்டி என்று நோட்டீஸ் வந்ததும் ஓடி வருவார்கள். மேல்முறையீடு என்றால் சென்னைத் தீர்ப்பாயம், காட்பாடியில் காலை ரயில். அதில் நிலுவையின் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். அதனால் இங்கே விசாரணையிலேயே வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் ஒத்துப்பார்த்து வைக்கிறவருக்குத்தான் மதிப்பு. இரண்டு தரப்புக்கும் ஆஜராவேன், ஒரே கம்பெனியில் இரண்டுக்கும் ஆஜராக மாட்டேன். இன்னொன்று, வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசாதீர்கள். பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை, வாங்குகிறவர்கள் இருந்தாலும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நான் ஹெச்.ஆரில் எட்டு வருஷம் இருந்துவிட்டு அப்புறம் சட்டம் படித்தவள். என் முதல் கேஸே ஒரு வகுத்தல் கணக்கு. 14 வருஷ சர்வீஸ், கடைசிச் சம்பளம் 13,000. கிராஜுவிட்டி என்று 91,000 ரூபாய்க்கு செக் கொடுத்திருந்தார்கள். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம்தானே என்று மாதத்தை 30ஆல் வகுத்துவிட்டார்கள். சட்டப்படி 26ஆல் வகுக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் 1,05,000. உதவி ஆணையரிடம் மனுப் போட வேண்டிய அவசியம் வரவில்லை. அக்கவுண்டன்ட் எதிரே உட்கார்ந்து கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன், மீதி 14,000 இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியே என்னை மாத ஃபீஸுக்கு ஆலோசகராக வைத்துக்கொண்டது.

தம்பி, இப்போது இந்தத் துறைக்குள் வர நல்ல நேரம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்திருக்கின்றன. அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியதும் சம்பளக் கணக்கில் சேரும். ஒப்பந்தக் காலத்துக்கு எடுத்தவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி. அன்றிலிருந்து எனக்கு போன் ஓயவில்லை.

கணியம்பாடியிலிருந்து:

ராணுவத்தை யாரும் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டாளத்தார் வீட்டு அம்மாக்கள். வீட்டுக்காரரின் ராணுவ டிஸ்சார்ஜ் புக்கில் இவர்கள் பெயர் "அம்மாள்" என்று முடியும், ஆதாரில் "அம்மா" என்று நிற்கும். அந்த ஒரு எழுத்துக்காக ஒருவருக்குக் குடும்ப பென்ஷன் ஒன்றே கால் வருஷம் நின்றுபோனது. அவர் வந்தபோது பேரன் சம்பாத்தியத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். ரெக்கார்ட் ஆபீஸுக்கு நான்கு கடிதம் எழுதிப் பார்த்தும் பதில் இல்லை. அப்புறம் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனோம், நிலுவையோடு வந்தது. அங்கே தொடர்ந்து ஆஜராகிறவர்கள் நம் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

தம்பி, மே மாதக் கோர்ட் லீவில் வா. ஊனமுற்றோர் பென்ஷன் ஃபைல் ஆறு வைத்திருக்கிறேன். மெடிக்கல் போர்டு தாளைப் படிப்பது எப்படி என்று அதிலிருந்தே ஆரம்பிப்போம்.