சல்பேட் வாய்ப்பாடு எழுதினால் ஹைட்ரஜன் 42 ஆகிறது, எங்கே தப்பு?

கேள்வி (மன்னார்குடி)
ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அயனிச் சேர்மங்களின் வாய்ப்பாடு சொல்லித் தருகிறேன். வயலுக்குப் போடும் உரங்களையே உதாரணமாக எடுத்தோம். போனில் குறியீடு அடிக்க வரவில்லை, அதனால் பெயரும் எண்ணும் மட்டும். இணைதிறனைக் குறுக்கே மாற்றினால் ஜிங்க் சல்பேட்டுக்கு ஜிங்க் 2, சல்பேட் 2 வருகிறது. அம்மோனியம் சல்பேட்டில் 4-க்குப் பக்கத்தில் 2 எழுதி ஹைட்ரஜன் 42 ஆக்கிவிடுகிறான். டிஏபி-யில் (டை அம்மோனியம் பாஸ்பேட்) பாஸ்பேட்டின் இணைதிறன் 3 என்றால் அம்மோனியமும் 3 வரவேண்டாமா?

பதில் (கும்பகோணம்)
ஜிங்குக்கு இரண்டு நேர் மின்சுமை, சல்பேட்டுக்கு இரண்டு எதிர் மின்சுமை. ஒன்றுக்கு ஒன்றே போதும். குறுக்கே மாற்றியபின் இரண்டு எண்ணும் பொதுவாக வகுபட்டால் சுருக்க வேண்டும். ஆனால் அயனிக்கு உள்ளே இருக்கும் எண்ணில் கை வைக்கக்கூடாது: சோடியம் பெராக்சைடு என்றைக்கும் சோடியம் 2, ஆக்சிஜன் 2 தான். பெராக்சைடு அயனியே இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தது.

42 வருவதற்குக் காரணம் அடைப்புக்குறி இல்லாதது. அம்மோனியம் முழுவதையும் அடைப்புக்குள் போட்டு, வெளியே 2 எழுதச் சொல்லுங்கள். பிறகு அணுக்களை எண்ணட்டும்: நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, சல்பர் 1, ஆக்சிஜன் 4. ஜிப்சத்தில் சல்பேட் ஒன்றே என்பதால் அடைப்பு வேண்டாம். நீற்றுச் சுண்ணாம்பில் ஹைட்ராக்சைடு இரண்டு, அங்கே அடைப்பு கட்டாயம்.

பதில் (திருத்துறைப்பூண்டி)
டிஏபி-யில் இருப்பது வெறும் பாஸ்பேட் இல்லைங்க, ஹைட்ரஜன் பாஸ்பேட். மூன்று எதிர் மின்சுமையில் ஒன்றை ஹைட்ரஜன் சரிக்கட்டிவிடுகிறது, மீதி இரண்டு. அதனால்தான் அம்மோனியம் இரண்டு. கடைப் பெயரில் ஹைட்ரஜனை விட்டுவிடுகிறார்கள், பையன் குழம்பாமல் என்ன செய்வான்! மூட்டையில் இருக்கும் 18-46-ஐ வாய்ப்பாட்டோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். அந்த 46 பாஸ்பரஸை ஆக்சைடாகக் கணக்கிட்ட சதவீதம்.

கேள்வி (மன்னார்குடி)
புரிந்தது, நன்றி சார். நாற்று வெளுத்தால் தெளிக்கும் அன்னபேதியும் இரும்பு சல்பேட்தானே? அதற்கு இரும்பு 2, சல்பேட் 3 என்று எழுதியிருக்கிறான்.

பதில் (கும்பகோணம்)
அவன் எழுதியது பெர்ரிக் சல்பேட். அது தனிச் சேர்மம்: மூன்று மின்சுமையுள்ள இரும்பு இரண்டு, சல்பேட் மூன்று, ஆறுக்கு ஆறு சரியாகிறது. அன்னபேதி பெரஸ், இரும்பின் மின்சுமை 2, ஆகவே ஒன்றுக்கு ஒன்று. வெறுமனே "இரும்பு சல்பேட்" என்று எழுதினால் எது என்றே தெரியாது. பெயரில் இரும்பை அடுத்து அடைப்புக்குள் ரோமன் எண்ணில் இரண்டு அல்லது மூன்று போடவேண்டும். ஜிங்குக்கு மின்சுமை எப்போதும் 2 என்பதால் அந்த எண் வேண்டாம்.

பதில் (திருத்துறைப்பூண்டி)
பச்சை அன்னபேதியிலும் வழக்கமான ஜிங்க் சல்பேட்டிலும் 7 நீர் மூலக்கூறு உண்டு. வாய்ப்பாட்டுக்குப் பின் புள்ளி வைத்து எழுதணும். அந்த நீரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஜிங்க் சுமார் 40 சதவீதம் வரும். மூட்டையில் 21 தான் போட்டிருக்கும். நீரோடு கணக்கிட்டால் 22.7. 33 என்று போட்ட மூட்டை ஒரே நீர் மூலக்கூறு உள்ள வகை.