மறு: 'பழகிய வலி' வேண்டாம், 'அதேவலி' போதும்

ஐயா, வணக்கம்.

தாடைமூட்டு நோயறியும் படிவத்துக்கு நீங்கள் அனுப்பிய தமிழ்ச் சொற்களைப் பார்த்தேன். காதுக்கு முன்னால் தாடை அசையும் மூட்டுக்கு நீங்கள் வைத்த 'தாடைமூட்டு' எனக்குச் சம்மதம். கன்னப்பொறி எலும்பையும் கீழ்த்தாடையையும் கோத்து நீளமாக ஒரு பெயர் கட்டலாம்தான். ஆனால் மலாயில் 'செண்டி ராஹாங்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். மூட்டு என்று பொருள்படும் அந்தச் 'செண்டி'யும் வேறு யாருமல்ல, நம் 'சந்தி'க்கு உறவுதான்.

'ஃபெமிலியர் பெயின்' என்பதற்கு நீங்கள் போட்ட 'பழகிய வலி'யில்தான் எனக்குச் சிக்கல்.

தாடைமூட்டு ஆய்வுகளில் 2014இல் வெளிவந்த 'டிசி/டிஎம்டி' (தாடைமூட்டுக் கோளாறுகளை அறியும் வரையறை) முறைப்படி நோயறிய வேண்டுமென்றால், மருத்துவர் கன்னத் தசையையும் பொட்டுத் தசையையும் விரலால் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தத்தில் 2 விநாடி அமுக்குவார். 1 கிலோ எவ்வளவு என்று தெரிய, சமையலறைத் தராசில் விரலை ஊன்றிப் பாருங்கள், கொஞ்சநஞ்சமல்ல. அப்படி அமுக்கினால் நல்ல தாடைகூடச் சில சமயம் வலிக்கும். அதனால் வலிக்கிறதா என்பதோடு கேள்வி நிற்பதில்லை. கடந்த 30 நாளில் உங்களுக்கு வந்த வலி மாதிரியே இது இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். 'ஆம்' வந்தால்தான் அந்த வலி கணக்கில் சேரும். அதைத்தான் 'ஃபெமிலியர் பெயின்' என்கிறார்கள்.

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு பல் கிளினிக்கில், தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் கேள்வியை வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு. பால்மரம் வெட்டிய ஓர் அக்காவிடம் உங்கள் சொல்லையே வைத்து, "இது பழகிய வலியா அக்கா?" என்று கேட்டேன். "பழகிப் போச்சு தம்பி, இப்பல்லாம் ஒண்ணும் தெரியல" என்றார். நான் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். அவர் சொன்னதோ ஏறக்குறைய 'இல்லை'. பக்கத்தில் நின்ற மலாய்த் தாதி, "சாகிட் யாங் சாமா கா, காக்கா?" (அதே வலியா, அக்கா?) என்று ஒரு கேள்விதான் கேட்டார். அக்கா சட்டென்று காதுக்கு முன்னால் விரலை வைத்து, "இங்க அமுக்குனது அதே வலி, கன்னத்துல அமுக்குனது வேற" என்று பிரித்துக் காட்டினார். டிக்கை அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

நம் கலைச்சொல் குழுவில் 'ஃபெமிலியர் பெயி'னுக்கு வந்த மற்றச் சொற்களையும் பார்த்தேன். 'தெரிந்த வலி' ஆகாது. தமிழில் வலி 'தெரிகிறது' என்றாலே உணர்கிறோம் என்றுதான் பொருள். அமுக்கும்போது வருவதெல்லாம் தெரிந்த வலியாகிவிடும். 'அறிமுக வலி' என்றால் இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது போல் இருக்கிறது. 'ஒத்த வலி' எழுத்தில் அழகுதான். ஆனால் பேச்சில் 'ஒத்தத் தலைவலி' என்று ஒரு நோயே இருக்கிறதே! தாடைக் கோளாறால் வரும் தலைவலிக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அங்கே இந்தச் சொல்லைக் கொண்டுபோனால் நோயாளிக்கு மட்டுமல்ல, கேட்கிற நமக்கும் தலைவலி.

'மீள்வலி' பரவாயில்லை என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அப்புறம், போய்த் திரும்பி வருகிற வலியை என்னவென்று அழைப்பது என்ற கேள்வி வந்ததும் விட்டுவிட்டேன்.

ஆக, 'அதேவலி'. சேர்த்தே எழுதலாம். "இது கலைச்சொல் மாதிரியே இல்லையே, பேச்சு மாதிரி இருக்கிறதே" என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், பேச்சுதான். ஆனால் இந்தச் சொல் நோயாளியின் வாயிலிருந்து வரவேண்டிய பதில். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வட்டுக்கு என்ன கனமான பெயர் வைத்தாலும் எனக்குக் கவலையில்லை, அதை யாரிடமும் கேட்கப் போவதில்லை. கட்டுரையில் 'அதேவலி உள்ளது, இல்லை' என்று அட்டவணையில் போடவும் தடையில்லை. தலைவலிக்கு 'அதே தலைவலி'.

வாய் திறக்கும்போது 'டக்' என்று கேட்பதற்கு நீங்கள் தந்த 'மூட்டொலி'யைவிட 'சொடக்கு' மேல் என்பது என் எண்ணம். "தாடை சொடக்குப் போடுது" என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். அதைத் தனி மடலில் பேசுவோம். அடுத்த வாரம் படிவம் அச்சுக்குப் போவதால் 'அதேவலி'க்கு மட்டும் இப்போது உங்கள் முடிவு வேண்டும்.